கையால் செய்த கருவிகளால் தீவன வேலையை எளிதாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுக்குத் தீவனம் வைப்பது பத்து நிமிட வேலை என்று தள்ளி நின்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மூட்டையை இறக்கி, பிரித்து, அளந்து, கலந்து, சுமந்து, கொட்டி, சிந்தியதைக் கூட்டி அள்ளுகிறவருக்குத்தான் அந்தப் பத்து நிமிடம் இடுப்பில் தெரியும். எங்கள் கொட்டிலில் நானே அறுத்து, ஆணியடித்துச் செய்து வைத்திருப்பவற்றைப் பார்க்க வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாக்கிலேயே கேள்விகளை எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாக வாசித்து வாருங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

எதிலிருந்து ஆரம்பிக்கிறது? எனக்கு எல்லா வேலையுமே பாரமாத்தான் இருக்கு.

சுத்தியலை எடுக்கும் முன் ஒரு சுண்ணக்கட்டியை எடுங்கள். கொட்டில் வாசலில் பலகை ஒன்றை மாட்டி, இரண்டு நாளைக்குத் தீவனத்தைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். நான் முதலில் போட்டுப் பார்த்தபோது ஒரு 50 கிலோ மூட்டைக்கு ஐந்து தூக்கு விழுந்தது. வண்டியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து அறைக்கு, அறையில் டிரம்முக்குள், டிரம்மிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து தொட்டிக்கு. 50 கிலோ தீவனத்துக்கு என் உடம்பு 250 கிலோ தூக்கியிருக்கிறது. மாட்டின் வாய்க்குப் போனது கடைசித் தூக்கு மட்டும்தான்.

அந்தக் கோடுகளில் எதை அழிக்கலாம் என்று பாருங்கள். தூக்குகிற இடத்தில் உருட்ட முடியுமா, சறுக்கி விட முடியுமா, மேலிருந்து தானாக விழ வைக்க முடியுமா? கீழே வரும் அமைப்புகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கின்றன. பலகையைக் கழற்றி விடாதீர்கள், கடைசியில் மறுபடியும் வேண்டும்.

50 கிலோ மூட்டையைத் தனியாளா எப்படித் தூக்குறது?

தூக்காமல் இருப்பதற்கு வழி தேடுங்கள். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், எல்லாம் சாதகமாக அமைந்த நிலையிலேயே ஒருவர் கையால் தூக்க 23 கிலோதான் வரம்பு என்று கணக்கு வைத்திருக்கிறது. குனிந்து, திரும்பி, வழுக்கும் தரையில் நின்று தூக்கும்போது அது இன்னும் குறையும். மூட்டை அதைவிட இரண்டு மடங்கு.

வண்டியின் தளம் எந்த உயரமோ அதே உயரத்தில் கொட்டில் ஓரமாக ஒரு மேடை கட்டுங்கள். பழைய மரச்சட்டங்களும் நான்கு தடித்த பலகைகளும் போதும். மூட்டை வண்டியிலிருந்து மேடைக்குத் தள்ளிக்கொண்டே வந்துவிடும். மேடை விளிம்பில் டிரம்மை நிறுத்தி, மூட்டையை அங்கேயே படுக்க வைத்து வாயைப் பிரித்து, அடியை உயர்த்தினால் தீவனம் டிரம்முக்குள் இறங்கிவிடும். ஐந்து தூக்கில் மூன்று இதிலேயே போய்விட்டது. மேடையில் மூட்டை நகர மறுத்தால், வழவழப்பான பக்கம் மேலே வரும்படி ஒரு தகரத்தை விரித்து ஆணியடியுங்கள். ஆணித் தலை துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, சாக்கைக் கிழித்துவிடும்.

தள்ளுவண்டி நானே செய்யலாமா? பழைய சைக்கிள் சக்கரம் போதுமா?

போதும். ஆனால் சைக்கிள் சக்கரத்துக்கு ஒரு குணம் உண்டு. மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் வளைந்துவிடும். சைக்கிளில் அச்சின் இரு முனையும் கவட்டில் உட்கார்ந்திருக்கும். வண்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு முனையை மட்டும் சட்டத்தில் மாட்டி, மறுமுனையை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். முதல் திருப்பத்திலேயே கம்பிகள் தளர்ந்துவிடும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் சட்டம் வரும்படி செய்தால் பல வருடம் ஓடும்.

பாரம் எங்கே உட்காருகிறது என்பதில்தான் சுகமே இருக்கிறது. இரட்டைச் சக்கர வண்டியில் பாரத்தின் நடு, அச்சுக்கு நேர் மேலே, கைப்பிடிப் பக்கம் ஒரு விரல்கடை தள்ளி இருக்கட்டும். அப்போது கை வண்டியைச் சுமக்க வேண்டியதில்லை, தள்ளினால் மட்டும் போதும். ஒற்றைச் சக்கர வண்டியானால் பெட்டியைச் சக்கரத்தை ஒட்டிக் கொண்டு போங்கள். கைப்பிடி, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் எட்டும் உயரத்தில் வேண்டும். பலகையை அறுக்கும் முன் உங்கள் கொட்டில் நடைபாதையில் மிகக் குறுகலான இடத்தை அளந்து பார்த்துவிடுங்கள். செய்து முடித்தபின் வாசலில் நுழையாத வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்துல வழியெல்லாம் சேறு. சக்கரம் புதைஞ்சிடுது.

அப்போது சக்கரத்தை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் டிரம்மை நெடுக்காகப் பிளந்தால் கிடைக்கும் பாதி, சேற்றில் படகு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். முன் விளிம்பில் இரண்டு துளை போட்டு, கயிற்றை உள்ளிருந்து முடிந்து, இழுக்கும் பக்கத்தில் ஒரு மரக்கைப்பிடி கோத்துக்கொள்ளுங்கள். நாலைந்து கட்டுப் புல்லை ஒரே இழுப்பில் கொண்டு போகலாம். காய்ந்த கரடு தரையில் இது உதவாது, அடி தேய்ந்து ஓட்டை விழும்.

200 லிட்டர் டிரம்மைத் தீவனத் தொட்டியா வெட்டலாமா? எந்த டிரம் நல்லது?

வெட்டலாம், மலிவாகவும் கழுவ எளிதாகவும் இருக்கும். ஆனால் முன்பு அதில் என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிந்த டிரம்மை மட்டும் எடுங்கள். சாப்பிடும் எண்ணெய், பழக்கூழ், சர்க்கரைப்பாகு போன்றவை வந்த டிரம் நல்லது. பூச்சிமருந்து, களைக்கொல்லி, சாயம், அமிலம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். பிளாஸ்டிக் அதை உள்ளே உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அடையாளம் கிழிக்கப்பட்ட டிரம்மையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இரும்பு டிரம் விஷயத்தில் ஒன்று மிக முக்கியம். எரிபொருளோ கரைப்பானோ இருந்த டிரம் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். வெட்டும் சக்கரத்தின் ஒரு பொறியோ வெல்டிங் சூடோ பட்டால் குண்டு மாதிரி வெடிக்கும். மூடியைத் திறந்து வைத்தாலும், தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தாலும் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அந்த வகை டிரம்மை வீட்டில் வெட்டவே வேண்டாம். பிளாஸ்டிக் டிரம்மைச் சாதாரண மரம் அறுக்கும் ரம்பத்தாலேயே அறுக்கலாம்.

அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். மாடு நாக்கைச் சுழற்றி விளிம்போடு வழிக்கும்போது அறுத்துவிடும். பழைய தோட்டக் குழாயை நெடுக்காகக் கீறி விளிம்பு முழுவதும் மாட்டி, ஒரு சாண் இடைவெளியில் துளையிட்டுக் கட்டுங்கள். அடியில் தக்கை போட்டு மூடக்கூடிய துளை ஒன்று விட்டால் கழுவிய தண்ணீர் தானாக வடியும்.

தொட்டியை எவ்வளவு உயரத்துல வைக்கணும்? ஒரு மாட்டுக்கு எவ்வளவு இடம்?

மேய்ச்சலில் மாடு தலையைத் தாழ்த்தித்தான் தின்னும். அப்படித் தின்னும்போது எச்சில் அதிகம் சுரக்கும், செரிமானத்துக்கு அது நல்லது. அதனால் தொட்டியின் அடி, மாட்டின் முன்னங்கால் நிற்கும் தரையைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் போதும். உயரே தூக்கி வைத்தால் மாடு வாயில் கவ்விய தீவனத்தை மேலே வீசி முதுகில் போட்டுக்கொள்ளும். அப்படி வீணாவதே கூடுதல் வேலை.

வளர்ந்த மாட்டுக்கு 60 முதல் 75 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். 200 லிட்டர் டிரம்மின் நீளம் 90 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே பாதி டிரம் ஒரு மாட்டுக்குத்தான். இரண்டு மாட்டை அதில் விட்டால் கொம்புள்ளது தின்னும், மற்றது வேடிக்கை பார்க்கும்.

தானா கொட்டுற தீவனப் பெட்டி செஞ்சேன். சோளம் நல்லா இறங்குது, தவிடு இறங்கவே மாட்டேங்குது. ஏன்?

ஒவ்வொரு தீவனத்துக்கும் குவியும்போது தனக்கென்று ஒரு சரிவு உண்டு. ஒரு படி மக்காச்சோளத்தையும் ஒரு படி தவிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். சோளம் பரந்து தட்டையாக உட்காரும். தவிடு கூர்மையான குன்று மாதிரி நிற்கும், விரலால் பக்கத்தைக் குத்தினால்கூடக் குழி அப்படியே நிற்கும். பெட்டியின் சாய்தளம் அந்தக் குவியலின் சரிவைவிட நன்றாகச் செங்குத்தாக இருந்தால்தான் தீவனம் வழுக்கும். தானியத்துக்கும் குச்சித் தீவனத்துக்கும் (இயந்திரத்தில் அழுத்திச் சிறு துண்டுகளாக வரும் தீவனம்) 45 பாகைச் சாய்வு போதும். தவிடு, மாவுத் தீவனத்துக்கு 60 பாகையாவது வேண்டும்.

சாய்வு சரியாக இருந்தும் நின்றுவிட்டால், வாய்க்கு மேலே தீவனம் வளைவு கட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாலத்தின் வளைவு மாதிரி ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும், கீழே வெற்றிடமாக இருக்கும். இரண்டு பக்கமும் சாய்ந்து வந்து நடுவில் குறுகும் பெட்டியில் இது அதிகம். ஒரு சுவரைச் செங்குத்தாகவே விட்டு எதிர்ச் சுவரை மட்டும் சாய்த்தால் வளைவு கட்டுவது பெருமளவு நிற்கும். வாயை அகலமாக்குங்கள், உள்ளே வழவழப்பான தகரம் அடியுங்கள், ஆணி, சட்டம் எதுவும் உள்பக்கம் நீட்டாமல் பாருங்கள். வெளியிலிருந்து ஒரு குச்சியை விட்டு ஆட்டுவதற்குப் பக்கவாட்டில் சின்னத் துளை வைத்தால் அவசரத்துக்கு உதவும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடு மாட்டுக்குத் தானியத்தையோ அடர்தீவனத்தையோ தானாகக் கொட்டும் பெட்டியில் அளவில்லாமல் விடாதீர்கள். வயிறுமுட்டத் தானியம் தின்ற மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் ஏறி, ஒரே நாளில் விழுந்துவிடும். இந்தப் பெட்டி கோழிக்கும், காய்ந்த புல்லுக்கும் சரி. மாட்டுக்குத் தானியம் வைத்தால், ஒரு வேளை அளவு மட்டும் விழுமாறு இழுத்து மூடும் தகடு வேண்டும். தீவன அறைக் கதவுக்கும் இதே காரணத்துக்காக இரட்டைத் தாழ்ப்பாள் போடுங்கள். நாக்கால் தாழ்ப்பாளைத் தள்ளித் திறக்கப் பழகிய மாட்டை நான் வைத்திருந்தேன்.

கோழிக்குப் பிவிசி குழாயில தீனிப் பெட்டி செய்யலாமா?

நல்ல யோசனை. நான்கு அங்குலக் குழாயை நிறுத்தி, அடியில் வளைவுத் துண்டு மாட்டி, மேலே மழை படாத மூடி போட்டால் முடிந்தது. தின்னும் வாயின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் காலால் சீய்த்து இறைக்கும், மேலே போனால் குஞ்சுகளுக்கு எட்டாது. குழாயில் மாவுத் தீனி முன்பு சொன்ன மாதிரி வளைவு கட்டும், குச்சித் தீனியோ தானியமோ போடுங்கள்.

ஆடு தின்னுறதைவிட மிதிக்கிறதுதான் அதிகம். பாதி தழை வீணாகுது.

ஆட்டின் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. தரையில் விழுந்து கால் பட்டதை அது தொடாது, அதன் இயல்பு அப்படி. தழை கீழே விழாமல் இருக்க ஒரு சட்டம் வேண்டும். மரக்குச்சிகளை நிறுத்தி 5 சென்டிமீட்டர் இடைவெளியில் அடித்து, சுவரோடு ஒரு சாய்வான கூடு மாதிரி செய்யுங்கள். ஆடு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத்தான் தின்ன முடியும். அடியில் ஒரு தட்டு பொருத்தினால் உதிர்ந்த இலையையும் அதிலிருந்தே தின்னும். இலையில்தான் சத்து அதிகம், அது தரைக்குப் போகக் கூடாது.

கம்பி வலையில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது கட்டத்தின் அளவு. தலை மட்டும் நுழையும் அளவிலான சதுரம்தான் மிக மோசம். கொம்புள்ள ஆட்டின் தலை உள்ளே போகும், கொம்பு மாட்டிக்கொண்டு வெளியே வராது. காலையில் போய்ப் பார்த்தால் பயந்து இழுத்துக் கழுத்தைக் காயப்படுத்திக்கொண்டிருக்கும். கூட்டை ஆட்டின் தலைக்கு மேலேயும் வைக்காதீர்கள், தூசியும் முள்ளும் கண்ணில் விழும்.

வைக்கோலைக் கையாலேயே சதுரக் கட்டா அமுக்க முடியுமா?

முடியும், நான் செய்து வைத்தவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான். உள்ளளவு 90 சென்டிமீட்டர் உயரம், 45 நீளம், 35 அகலம் வரும்படி அடியும் மூன்று பக்கமும் பலகை அடித்து, நான்காவது பக்கத்துக்குக் கீல் வைத்துக் கதவு போடுங்கள். மேல்பக்கம் திறந்திருக்கும். வைக்கோல் போடும் முன் இரண்டு கயிறுகளைப் பெட்டியின் அடியில் விரித்து, இரண்டு பக்கச் சுவரிலும் ஏற்றி, மேல் விளிம்பில் உள்ள ஆணிகளில் மாட்டிவிடுங்கள். ஒரு முழ உயரம் வைக்கோல், உள்ளே இறங்கி மிதி, மறுபடி ஒரு முழம், மறுபடி மிதி. நிறைந்ததும் கயிற்றை இழுத்து முடிந்து, கதவைத் திறந்தால் கட்டு முழுசாக வெளியே சாயும். இந்த அளவுக்கு 10 முதல் 15 கிலோ வரும். பிள்ளைகளும் வயதானவர்களும் நகர்த்தக்கூடிய கனம்.

மிதிக்க முடியாதவர்கள் நெம்புகோல் வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு கம்பம் நட்டு, அதில் 180 சென்டிமீட்டர் நீளமுள்ள மரத்தின் ஒரு முனையை மாட்டுங்கள். கம்பத்திலிருந்து 45 சென்டிமீட்டரில் அமுக்கும் கட்டை இருக்கட்டும். மறுமுனையில் 20 கிலோ அளவுக்கு அழுத்தினால் வைக்கோல் மேல் 80 கிலோ இறங்கும். கட்டும் கயிறு சணலாக இருப்பது நல்லது. பிளாஸ்டிக் கயிறு மாட்டின் வயிற்றில் போனால் செரிக்காமல் சுருண்டு அடைக்கும். எந்தக் கயிறாக இருந்தாலும் அவிழ்த்ததும் போடுவதற்குச் சுவரில் ஒரு பை மாட்டி வையுங்கள்.

அடுக்கி வெச்ச கட்டு உள்ளே சூடா இருக்கு. பயப்படணுமா?

பயப்பட வேண்டும். ஈரம் முழுதாகப் போகாத புல்லைக் கட்டி அடுக்கினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு கிளப்பும். அது ஏறிக்கொண்டே போய் யாரும் தீ வைக்காமலே போர் எரியும். அடுக்கிய முதல் ஆறு வாரம் கண்காணிக்க வேண்டிய காலம். ஒரு நீள இரும்புக் கம்பியை நடுவரை செருகி, அரை மணி நேரம் விட்டு உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் ஆளையும் தண்ணீரையும் தயாராக வைத்துக்கொண்டுதான் போரைக் கலைக்க வேண்டும். திடீரென்று காற்றுப் பட்டால் உள்ளே கனன்றது குப்பென்று பிடிக்கும். அந்தப் போரின் மேல் ஏறவும் கூடாது, உள்ளே பொந்து விழுந்திருக்கும்.

கட்டும் முன்பே ஈரம் பார்க்க எளிய வழி உண்டு. காய்ந்த கண்ணாடி பாட்டிலில் நறுக்கிய புல்லைப் போட்டு, ஒரு தேக்கரண்டி உலர்ந்த உப்பும் போட்டு மூடி, சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினாலும் கட்டி தட்டினாலும் ஈரம் இன்னும் இருக்கிறது. உதிரியாகவே இருந்தால் கட்டலாம்.

எலித் தொல்லை தாங்கல. பிளாஸ்டிக் டிரம் போதுமா?

பிளாஸ்டிக்கை எலி ஒரே இரவில் கடித்து ஓட்டை போடும், மூடியின் விளிம்பிலிருந்துதான் ஆரம்பிக்கும். தானியத்துக்கு இறுக்கமான மூடி போட்ட இரும்பு டிரம் வேண்டும், முன்பு என்ன இருந்தது என்ற நிபந்தனை இதற்கும் உண்டு. மூட்டையாகவே வைப்பதானால் தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்த பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஈரமும் ஏறாது, பின்பக்கம் கூட்டவும் முடியும். சுண்டெலிக் குஞ்சு நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், கதவின் அடியைப் பாருங்கள்.

பூஞ்சணம் பிடித்த தீவனத்தை "மாடுதானே" என்று கொட்டாதீர்கள். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சில் ஒரு பங்கு பாலில் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் அது போகாது.

எல்லாத் தீவனத்தையும் ஒரே டப்பாவாலதான் அளக்குறேன். சரிதானே?

சரியில்லை. டப்பா அளப்பது கொள்ளளவை, மாட்டுக்குக் கணக்கு எடையில். ஒரு லிட்டர் டப்பாவில் மக்காச்சோளம் ஏறக்குறைய 700 கிராம் பிடிக்கும், குச்சித் தீவனம் 600 கிராமை ஒட்டி வரும், தவிடு 300 கிராமைத் தாண்டுவதே அரிது. தவிட்டிலிருந்து சோளத்துக்கு மாறிய நாளில் அதே இரண்டு டப்பா போட்டால் மாடு இரண்டு மடங்குக்கு மேல் தின்கிறது. முன்பு சொன்ன வயிற்று அமிலம் வரும் வழிகளில் இது ஒன்று.

ஒவ்வொரு தீவனத்துக்கும் தனி டப்பா வைத்து, தராசில் ஒருமுறை எடை போட்டு, ஒரு கிலோ எங்கே வருகிறதோ அங்கே உள்பக்கம் கோடு கீறுங்கள். புது மூட்டை வேறு ரகமாக வந்தால் மறுபடி எடை போட வேண்டும்.

வீட்டிலேயே தீவனம் கலக்குறேன். மண்வெட்டியால புரட்டினா இடுப்பு போகுது.

டிரம்முக்கு நேர் நடுவில் அச்சு போடாமல், மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு குழாயைச் செலுத்தி, இரண்டு கவட்டுக் கம்பங்களில் மாட்டுங்கள். சுற்றும்போது தீவனம் முன்னும் பின்னும் மேலும் கீழுமாக விழும். நேர் அச்சில் சுற்றினால் ஒரே இடத்தில் உருண்டுகொண்டிருக்கும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், விழ இடம் இருந்தால்தான் கலக்கும். நிதானமாக ஐந்து நிமிடம் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் தீவனம் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுழலும்.

தாது உப்பு போன்ற சிறு அளவுகளை நேராக உள்ளே கொட்டக் கூடாது. ஒரு கிலோ தாது உப்பை ஒரு கிலோ தவிட்டோடு கையால் கலந்து, அந்த இரண்டை இன்னும் இரண்டு கிலோவோடு, நான்கை நான்கோடு என்று பெருக்கிக்கொண்டு போய்க் கடைசியில் டிரம்மில் போடுங்கள். கலந்ததா என்று பார்க்க ஒரு கைப்பிடி கறுப்பு விதையைச் சேர்த்துச் சுற்றி, நான்கு இடத்தில் ஒரே அளவு அள்ளி விதைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை நெருங்கி வந்தால் கலவை நன்று. யூரியா சேரும் கலவையை மட்டும் இந்த டிரம்மில் செய்யாதீர்கள். ஒரு கட்டி ஒரு மாட்டின் வாய்க்குப் போனாலே உயிருக்கு ஆபத்து.

ஆணி, கம்பித் துண்டு தீவனத்தோட போயிடுது. வடிகட்ட முடியுமா?

பழைய ஒலிபெருக்கியிலிருந்து வட்டக் காந்தத்தைக் கழற்றுங்கள். தீவனம் சறுக்கி இறங்கும் பலகையின் அடிப்பக்கம், தீவனம் மெல்லிதாகப் பரவி வரும் இடத்தில் அதைத் திருகி மாட்டுங்கள். பலகை மெல்லியதாக இருக்க வேண்டும், தடித்த மரத்தைத் தாண்டி இழுக்காது. நான் மாட்டிய முதல் வாரத்தில் பார்த்தபோது அந்த இடத்தில் முள்ளம்பன்றி மாதிரி நின்றுகொண்டிருந்தவை: இரண்டு வளைந்த ஆணி, தைத்த மூட்டையின் ஊசிமுனை, விரல் நீளத்தில் ஒரு முறுக்குக் கம்பி. மாடு மெல்லாமல் விழுங்கும். அந்தக் கம்பி இரண்டாவது வயிற்றில் தங்கி, சுவரைத் துளைத்து, முன்னால் இருக்கும் இதயம் வரை போகும். செம்பும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது, அதற்குக் கண்தான் காவல்.

மாட்டுத் தீவனம், ஆட்டுத் தீவனம், கோழித் தீவனம் எல்லாத்துக்கும் ஒரே டிரம், ஒரே வண்டி வெச்சுக்கலாமா? வேலை மிச்சமாகுமே.

வேலை மிச்சமாகும், உயிர் போகலாம். மாட்டுக்கோ கோழிக்கோ செய்த தீவனத்தில் இருக்கும் தாமிர அளவு செம்மறிக்கு நஞ்சு. ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் திடீரென்று சாகும். கோழி, மாட்டுத் தீவனங்கள் சிலவற்றில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரைக்குக் கொஞ்சம் போனாலும் கொல்லும். ஆகவே டிரம்முக்கு ஒரு நிறம், அதே நிறத்தில் டப்பா, அதே நிறத்தில் வாளி. எழுத்து அழியும், சாயம் அழியாது. வண்டி பொதுவாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கூட்டித் துடைக்க வேண்டும். கலக்கும் டிரம்மும் அப்படியே.

தட்டை நறுக்குற இயந்திரத்துல கை போயிடுமோன்னு பயமா இருக்கு. வீட்டிலேயே ஏதாவது பாதுகாப்பு செய்யலாமா?

பயம் நியாயமானது. கத்தியைவிட அதற்கு முன்னால் தட்டையை உள்ளே இழுக்கும் உருளைகள்தான் கையைப் பிடிக்கும், பிடித்தால் விடாது. தட்டை வைக்கும் தொட்டியை முழுக் கை நீளத்துக்கு நீட்டி, உருளைக்குப் பக்கத்துப் பாதியை மேலே பலகை அடித்து மூடிவிடுங்கள். கையை முழுசாக நீட்டினாலும் உருளை எட்டக் கூடாது. கடைசித் துண்டைத் தள்ள ஒரு குச்சியைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். அடைத்துக்கொண்டால் மின்சாரத்தைத் துண்டித்து, சுழல் சக்கரம் நிற்கும் வரை பொறுத்த பிறகே கை வைக்க வேண்டும். சக்கரத்துக்கு ஒரு பூட்டு முளை செய்து வைத்தால், வேலை முடிந்தபின் பிள்ளைகள் சுற்ற முடியாது.

பசும்புல்லை டிரம்முலயே பதப்படுத்தி வைக்கலாம்னு சொல்றாங்க. குழி தோண்டுறதைவிட அது நல்லதா?

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்கு மிக நல்லது. ஒன்றிரண்டு சென்டிமீட்டராக நறுக்கிய புல்லைக் கையில் இறுக்கிப் பிடித்து விடுங்கள். சாறு சொட்டாமல், உருண்டை மெதுவாக விரிந்தால் பக்குவம். நான்கு விரல் உயரத்துக்கு ஒருமுறை மிதித்து, காற்றே இல்லாமல் அடைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு வளையத்தோடு மூடி ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவிடுங்கள். 200 லிட்டரில் 120 கிலோ அளவுக்கு அடையும். அந்த டிரம்மைப் பிறகு யாரும் தூக்க முடியாது. ஆகவே தொட்டிக்குப் பக்கத்தில், தின்ன வைக்கப்போகும் இடத்திலேயே நிறுத்தி நிரப்புங்கள். திறந்ததைச் சில நாளில் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப்பட்டுக் கெடும்.

குழியில் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூடிய முதல் மூன்று வாரத்தில் கரியமில வாயுவும், சில சமயம் மஞ்சளும் பழுப்புமான நைட்ரஜன் டைஆக்சைடும் அடியில் தேங்கும். உள்ளே இறங்கியவர் மயங்கினால் அவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுவார். இறங்காமல் மேலிருந்து கொக்கியால் இழுத்தெடுக்கும் மாதிரி, ஒரு பக்கம் சரிவாகத் திறந்த குழியாக வெட்டுங்கள்.

புல் தூசியில இருமல் வருது. துணி கட்டிக்கிட்டா போதாதா?

போதாது. பூஞ்சண வைக்கோலின் நுண்தூசி துணி வழியாகப் போய் நுரையீரலில் ஒவ்வாமை உண்டாக்கும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறிப்போகும். என்95 முகக்கவசம் போடுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி நின்று உதறுங்கள், உதறும் முன் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். தெளித்ததை அன்றே தின்ன வைத்துவிட வேண்டும்.

வண்டி, மேடை, பெட்டி எல்லாம் செஞ்சாச்சு. இருந்தும் வேலை குறைஞ்ச மாதிரி தெரியல.

சுண்ணக்கோட்டுப் பலகையை மறுபடி எடுங்கள், இந்த முறை தூக்கோடு நடையையும் எண்ணுங்கள். பெரும்பாலும் தீவன அறை இருக்கும் இடம்தான் குற்றவாளி. தொட்டியிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கும் அறைக்கு ஒரு வேளைக்கு எட்டு நடை என்றால் போய் வர 480 மீட்டர், இரண்டு வேளைக்கு ஒரு கிலோமீட்டரை ஒட்டிவிடும். எந்த வண்டியும் அந்தத் தூரத்தைக் குறைக்காது. அறையை மாற்ற முடியாவிட்டால், தொட்டி வரிசையின் தலைமாட்டில் ஒரு நாள் தீவனம் மட்டும் பிடிக்கும் மூடியுள்ள பெட்டி வையுங்கள், ஒரே நடையில் நிரப்பிவிடலாம். நிலம் சரிவாக இருந்தால் பெட்டி மேட்டுப் பக்கம் இருக்கட்டும், நிறைந்த வண்டி இறங்கி வந்து காலி வண்டி ஏறும்.

இன்னொன்று, மாடு இருக்கும் பக்கமே நுழைந்து தீவனம் வைக்கிறீர்களா என்று பாருங்கள். முட்டித் தள்ளும் மாடுகளுக்கு நடுவே வாளியோடு போவதில்தான் பாதி நேரமும் பாதிச் சிந்தலும். தொட்டிக்கு வெளிப்பக்கம் வண்டி அகலத்துக்கு ஒரு வழி விட்டால் மாட்டைத் தொடாமலே வேலை முடியும்.

நான் இல்லாத நாள்ல பழக்கமில்லாதவங்க தீவனம் வைக்கணும். என்ன செஞ்சு வெச்சிட்டுப் போறது?

அளக்கும் வேலையை அவர்களிடம் விடாதீர்கள். ஒவ்வொரு வேளைக்கும், ஒவ்வொரு மாட்டுக்கும் எடை போட்டுச் சின்னப் பைகளில் கட்டி, தொட்டிக்கு மேலே எட்டும் உயரத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள். காலைக்கு வெள்ளைக் கயிறு, மாலைக்குக் கறுப்புக் கயிறு. கொட்டிய பையை அதே ஆணியில் தலைகீழாக மாட்டச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எந்த மாட்டுக்கு எந்த வேளை போனது என்று ஆணிகளைப் பார்த்தாலே தெரியும். தீவன அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போங்கள், வைக்கோலை மட்டும் வெளியே அடுக்கி வைத்துவிட்டு.